பழைய சங்கின் நேரத்தில் வந்தவள்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் தெரியாது. அதனால் இதில் நான் கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. நடந்தது ஜனவரி எட்டாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை வரை. நேரமெல்லாம் விநாடி சுத்தமாக எழுதியிருப்பேன். அந்த இரண்டு வாரமும் என் வேலையே அதுதான். நேரம் சரியா என்று பார்ப்பது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். றொசல்லையில் ரயிலை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஏறி நடக்க வேண்டும். மேல் லயம் ஒரே கூரையின் கீழ் நீளும் வீட்டு வரிசை. அதில் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. பதினோராவது எங்களுடையது. நானும் அம்மாவும் மட்டும். அம்மா பேச்சியம்மா கொழுந்து எடுக்கிறவள். நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஹட்டனில் ஜீவராஜ் அண்ணனின் ரிப்பேர் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு ஃபெக்டரியில் சங்கு ஊதும். ஆறரைக்குப் பெரட்டு. மலைக்கு மேலே பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரித்து விடுவார்கள். ஏறிப்போக இருபத்தைந்து நிமிடம் ஆகும். எல்லோரிடமும் போன் இருக்கிறது. ஆனாலும் சங்கு ஊதினால்தான் ஆறு மணி. போனில் ஆறு மணி ஆகியும் சங்கு ஊதாவிட்டால், "போன் முந்துது" என்றுதான் லயத்தில் சொல்வார்கள். பெரட்டுக்கும் சங்கு நேரம்தான் கணக்கு என்பதால் இத்தனை வருடமும் யாரும் பிந்தவில்லை.

செப்டம்பரில் யாரோ வந்து சங்குக்கு ஒரு தானியங்கிப் பெட்டி பூட்டிவிட்டுப் போனார்கள். அது ஒரு நாளைக்கு நாலு விநாடி பிந்தியது. நாலு விநாடி யாருக்குத் தெரியும்? டிசம்பரில் அது ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு சின்னத்தொரை, அதாவது உதவி மேனேஜர், வந்தார். அவர் சங்கைக் கேட்பதில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு சரியாக ஆறரைக்குக் கேட்டைச் சாத்தினார். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. மூன்று தடவை பிந்தினால் பேர் வெட்டு.

பேரை வெட்டினால் காம்பராவும் போய்விடும்.

எங்கள் அம்மாவை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்னும் ஒரு தடவை திருப்பினால் நாங்கள் தெருவில்.

பக்கத்துக் காம்பரா கிருஷாந்தி அக்காவுக்கு அந்த மூன்றாவது தடவை டிசம்பர் பதினெட்டில் வந்தது. அவளும் அம்மாவும் எப்போதும் சேர்ந்துதான் போவார்கள். சங்கு ஊதியதும் எங்கள் ஜன்னல் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டக், டக். அம்மா போய்ச் சேர்ந்துகொள்வாள். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். "நீ போடி" என்றாள். கிருஷாந்தி அக்கா தனியாகப் போனாள். கேட்டில் அழுது பார்த்தாளாம். சின்னத்தொரை பேரை வெட்டினார். வெறுங்கையோடு வர மனமில்லாமல் காட்டோரமாக விறகு பொறுக்கப் போயிருக்கிறாள். குளவிக் கூடு கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டுக் கங்காணி இராமையா ஓடினார். "அவ இப்ப தோட்டத்து ஆள் இல்லையே" என்றார் சின்னத்தொரை. கம்பளியில் கட்டித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. அவளது கைகள் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. அதை நான் பார்த்தேன். புருஷன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வட்டவளைக்குப் போய்விட்டான். பன்னிரண்டாவது காம்பராவில் பூட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு லயமே திரண்டு போய்ச் சத்தம் போட்டது. தோட்டத்து நிர்வாகத்தார் பழியைப் பெட்டியின் மேல் போட்டார்கள். பெட்டியைக் கழற்றினார்கள். புதிது செய்து தரும்படி ஜீவராஜ் அண்ணனிடம் சொன்னார்கள். அதுவரைக்கும் காவல்காரர் போனைப் பார்த்துக் கையால் சங்கு ஊதினார். அவர் தூங்கிப்போனால் முடிந்தது கதை.

அண்ணன் நாலு கடிகாரச் சிப்புகளை என் முன்னால் வைத்தார்.

"இந்தா ஊமைச்சி. நாலும் ஒரே சாதின்னுதான் விக்கிறான். எது ஒரிஜினல், எது பேரு மாத்திக்கிட்டு வந்ததுன்னு மூஞ்சப் பாத்து சொல்ல முடியாது. குளிர்ல போட்டாத்தான் வேசம் கலையும். ஒங்க லயத்த விடக் குளிரு எங்க இருக்கு?"

"எத்தன நாளுண்ணே?"

"ரெண்டு வாரம். பேசாம ஒக்காந்து பாக்கணும். அதுக்கு ஒன்ன விட்டா ஆளு ஏது?"

இந்தச் சிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பொத்தான் பேட்டரியை வைத்துக்கொண்டு, கரண்ட் போனாலும் நேரத்தைப் பிடித்து வைத்திருக்கும். குளிரிலும் சூட்டிலும் எல்லாக் கடிகாரமும் வழுக்கும். இது தன் சூட்டைத் தானே அளந்து, அதற்கு ஏற்ற மாதிரி தன்னைத் திருத்திக்கொள்ளும். கால் டிகிரி வரை அளக்கும். ஆனால் சும்மா சும்மா அளக்காது. அறுபத்து நாலு விநாடிக்கு ஒரு முறைதான். ஒரு எண் வந்தால் அடுத்த எண்ணுக்கு அறுபத்து நாலு விநாடி காத்திருக்க வேண்டும்.

இது நினைவிருக்கட்டும்.

சோதிக்கும் விதமும் அண்ணன் சொல்லித் தந்ததுதான். சிப்பைக் கையில் வைத்துப் பொத்திக்கொள்ள வேண்டும். சூடு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வரை ஏறும். பிறகு குளிரில் வைக்க வேண்டும். நல்ல சிப் எதற்கும் அசையாது. அதனால் எந்த எண் வந்தால் மனிதக் கை என்று எனக்கு அத்துப்படி.

நாலையும் நாலு சவர்க்காரப் பெட்டிகளில் அடைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திரை. மேலே நேரம், கீழே சூடு. ஒன்றாம் பெட்டி பன்னிரண்டாவது காம்பராவின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையின் சுவரில், திறந்த குளிரில் இருந்தது. இரண்டாம் பெட்டி எங்கள் ஜன்னல் விளிம்பில். மூன்றாவது அடுப்புக்கு மேல் பலகையில். நான்காவது என் கட்டில் தலைமாட்டில். சரியான விநாடியை வானத்திலிருந்து பிடித்துத் தர, கூரைத் தகரத்தின் மேல் ஒரு ஜிபிஎஸ் பெட்டி.

"கடிகாரத்துக்குக் காவல் இருக்கிற கழுதைய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று அம்மா சிரித்தாள்.

ஜனவரி எட்டு. திங்கள். சங்கு ஊதியதும் அம்மா போய்விட்டாள். ஆறு மணிக்கு மேல் எங்கள் லயத்தில் ஆள் இருக்காது. சாமான் எடுத்து வைக்கிற சத்தம், பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற சத்தம், எல்லாம் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். பிறகு மிஸ்ட்தான், மூடுபனி. வெளிச்சம் வந்திருக்காது. இருட்டும் இல்லை. எல்லாம் சாம்பல்.

6:07:36. ஜன்னலில் டக்... டக்.

பத்தாவது காம்பரா டோரீன் அக்கா அன்று வேலைக்குப் போகாமல் நெருப்புப் பெட்டி கேட்க வந்திருப்பாள் என்று பலகையைத் திறந்தேன். யாரும் இல்லை. அடுத்த இஸ்தோப்பில் ஒன்றாம் பெட்டியின் நீல எழுத்து தெரிந்தது. பத்து டிகிரியில் இருக்க வேண்டியது, முப்பத்தொன்றேகால் என்று காட்டியது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மெல்ல இறங்கி மறுபடி பத்துக்கு வந்தது.

"பூனை மேல படுத்திருக்கும்" என்றார் அண்ணன், கடையில் சொன்னபோது.

செவ்வாய். 6:07:40. டக்... டக். பெட்டியைச் சுற்றி நான் முள் கம்பி கட்டியிருந்தேன். பூனை படுக்க முடியாது. முப்பத்திரண்டு காட்டியது.

புதன். 6:07:44. டக்... டக். இந்த முறை ஒன்றாம் பெட்டி ஏறி இறங்கிய பிறகு, ஜன்னலில் இருந்த இரண்டாம் பெட்டியும் ஏறியது. இரண்டுக்கும் நடுவில் பத்து எட்டு தூரம்.

வியாழக்கிழமை கடையில் அண்ணனிடம் சொன்னேன். சிரிக்கத் தொடங்கினார்.

"ஒங்க லயத்துல பேய்க்கும் வாட்ச் குடுத்திருக்காங்களா?"

"தெனமும் நாலு விநாடி தள்ளி வருதுண்ணே."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"எத்தனை?"

"நாலு. இன்னைக்கு ஆறு ஏழு நாப்பத்தெட்டு."

அண்ணன் எழுந்து போய், சங்கிலிருந்து கழற்றிய பழைய பெட்டியை எடுத்து வந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே பேட்டரி இல்லை. கழற்றி இரண்டரை வாரத்துக்கு மேல் ஆகிறது. செத்த பெட்டி. அவர் போனில் கணக்குப் போட்டார். மறுபடி போட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இது கழட்டாம இன்னும் ஓடிக்கிட்டு இருந்தா... இன்னைக்கு சங்கு எப்ப ஊதியிருக்கும் தெரியுமா?"

அவர் போனை என் பக்கம் திருப்பினார்.

"ஆறு ஏழு நாப்பத்தெட்டு."

கடைக்கு வெளியே டயகம பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மாக்கிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே. சொன்னா சோதிக்க விட மாட்டா. புது சங்கு வராது. ஒரு நா காவல்காரரு தூங்கிட்டா எங்க பேரு போயிரும்."

"அப்ப வேண்டாம். பாத்தும் பாக்காத மாதிரி இரு. பத்து நா பல்லக் கடிச்சிக்க."

வெள்ளி. 6:07:52. டக்... டக். சூடு ஏறிய பெட்டிகள்: ஒன்று. இரண்டு.

சனி. 6:07:56. ஒன்று. இரண்டு. பிறகு... அடுப்புக்கு மேல் இருந்த மூன்றாவது. அடுப்பில் நெருப்பு இல்லை. அம்மா ரொட்டி சுட்டு அணைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

முப்பத்து மூன்றரை.

அவள் உள்ளே வந்துவிட்டாள்.

அவள் என்று அன்றுதான் முதல் தடவையாக மனதில் சொன்னேன். வேறு யார் இரண்டு தட்டுத் தட்டுவார்கள்? பழைய சங்கு ஊதுகிறது. அவளுக்கு மட்டும் கேட்கிறது. கிளம்புகிறாள். அம்மாவைக் கூப்பிடுகிறாள். அம்மா எட்டு நிமிடம் முன்னாலேயே போய்விட்டாள். அது அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் தேடுகிறாள்.

ஞாயிறு. தட்டல் இல்லை. ஞாயிறு பெரட்டு இல்லை அல்லவா? திங்கள் தைப்பொங்கல். அன்றும் இல்லை. அம்மா பாலைப் பொங்க விட்டாள். டோரீன் அக்கா வேதக்காரி. ஆனாலும் முதல் ஆளாகத் தட்டை நீட்டிக்கொண்டு வந்தாள். "சின்னத்தொரைக்கு ரெண்டு கரண்டி கொண்டு குடு பேச்சிக்கா. தொண்டையில சிக்கட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒருவேளை போய்விட்டாளோ என்று நினைத்தேன்.

செவ்வாய், பதினாறாம் தேதி. அம்மா போய்விட்டாள். கதவைத் தாழிட்டேன். கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, நான்காம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். பன்னிரண்டேகால் டிகிரி.

6:07:56. இல்லை.

6:08:00. இல்லை.

6:08:04. இல்லை. மூச்சு விட்டேன்.

6:08:08.

டக்... டக்.

இரண்டு நாள் வராமல் இருந்தாள். அந்த இரண்டு நாளும் அவள் சங்கு நிற்கவில்லை. பிந்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

ஜன்னல் விளிம்பில் இரண்டாம் பெட்டி. முப்பத்தைந்து.

இதற்கு முன் முப்பத்தைந்து வந்ததில்லை. கையின் சூடு அவ்வளவு வராது. காய்ச்சல்காரக் கை என்றால் வரும். அல்லது வீங்கிய கை.

ஒரு சத்தம் கேட்டது. மெல்லியது. பழுதான சார்ஜர் இரைகிற மாதிரி. ங்ங்ங்ங்... எல்லா வயரையும் பிடுங்கினேன். பெட்டிகள் பேட்டரியில் ஓடின. சத்தம் நிற்கவில்லை.

ங்ங்ங்ங்...

அறுபத்து நாலு விநாடி.

மூன்றாம் பெட்டி. முப்பத்தாறரை.

அடுப்படியிலிருந்து என் கட்டிலுக்கு நாலு எட்டு. எண்ணியதில்லை. அன்று எண்ணினேன்.

மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டேகால். ஆனால் அது ஒரு நிமிடத்துக்கு முந்தின சூடு. இப்போது என்ன சூடு என்று அது இன்னும் அளக்கவில்லை. அளந்தால்தான் தெரியும்.

சத்தம் கிட்டே வந்தது.

6:10:31. பன்னிரண்டேகால்.

6:10:32. பன்னிரண்டேகால்.

அளக்கப் போகிறது...

6:10:33.

முப்பத்தொன்பதே முக்கால்.

என் கை போர்வைக்குள் இருந்தது. பெட்டி என் மடியில் இருந்தது. மடியில் ஒரு பாரம் இருந்தது.

யாரோ பெட்டியைப் பொத்திப் பிடித்திருக்கும் பாரம்.

நான் கண்ணை மூடினேன்.

ங்ங்ங்ங்...

என் காதுக்குள்.

கண்ணைத் திறந்தபோது 6:14. சத்தம் இல்லை. பாரம் இல்லை. நான்காம் பெட்டி இருபது காட்டி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே சேவல் கூவியது. நான் எழுந்து, செருப்புப் போடாமல், ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன்.

அதற்குப் பிறகு அந்த வாரம் நான் காலையில் வீட்டில் இருக்கவில்லை. அம்மா கிளம்பும்போதே நானும் கிளம்பிவிட்டேன். பெட்டிகள் தனியாக ஓடி, சூட்டைத் தாமே பதிந்துகொண்டன.

இருபதாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் நாலையும் கடைக்குக் கொண்டுபோனேன். வானத்து விநாடியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரிஜினல் என்று கூடுதல் விலைக்கு வாங்கிய நான்காவது ஒன்பது விநாடி பிந்தியிருந்தது. வேசம். மூன்றாவது நாலு விநாடி முந்தியிருந்தது. இரண்டாவது அரை விநாடி. ஒன்றாவது இம்மியும் நகரவில்லை.

"அடேயப்பா. பத்து டிகிரியிலயும் நின்னிருக்கு, முப்பத்தெட்டுலயும் நின்னிருக்கு" என்றார் அண்ணன். "இதத்தான் சங்குல போடணும்."

"அது வேண்டாம்ணே. ரெண்டாவதப் போடுங்க."

"ஏன்?"

"அத அவ தெனமும் தொட்டிருக்கா."

"ரெண்டாவதையுந்தான் தொட்டிருக்கா. அப்ப எல்லாத்தையும் தூக்கி ஆத்துல போடவா? புள்ள, இந்தா பாரு. சங்கு சரியா ஊதிட்டா அவளுக்கும் நேரம் சரியாயிரும். ஒரு நா நேரத்துக்குப் போய் நின்னுட்டா, மனசு ஆறிப் போயிருவா. நாமளும் நிம்மதி."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

ஞாயிறு பின்னேரம் அண்ணன் வந்து ஃபெக்டரியில் புதுப் பெட்டியைப் பூட்டினார். உள்ளே ஒன்றாம் சிப்.

ஜனவரி இருபத்திரண்டு. திங்கள். அம்மா ஐந்தேமுக்காலுக்கே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

6:00:00. சங்கு ஊதியது.

அதே விநாடி...

டக்... டக்.

"இந்தா வந்துட்டேன்டி" என்றாள் அம்மா. பழக்கத்தில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை எடுத்தாள்.

நான் ஓடிப்போய்க் கதவை மறித்தேன்.

"போகாதம்மா. அஞ்சு நிமிசம் கழிச்சுப் போ."

"வழிய விடுடி. என்னாச்சு ஒனக்கு?"

"வெளியில யாரு நிக்கிறா?"

"யாரு நின்னா என்ன? டோரீனா இருக்கும். அஞ்சு நிமிசம் கழிச்சுப் போனா கேட்ட சாத்திருவான். பேரு போயிரும். அப்புறம் ஒன்னய எங்க கொண்டு வப்பேன்?"

என்னைத் தள்ளிவிட்டுப் போனாள். இஸ்தோப்புப் படியில் இறங்கும்போது, பக்கத்தில் நிற்கிற ஒருவரிடம் சொல்வது போல, "வா, வா, வெரசா நட" என்றாள். மிஸ்டுக்குள் ஒரு கூடைதான் தெரிந்தது. இரண்டு பேர் நடக்கிற சத்தம் கேட்டது.

அம்மா திரும்பி வந்தபோது மணி 7:19.

கூடையை இறக்கவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு நிமிசம் முந்தியே போயிட்டேன்டி. சாமி சத்தியமா முந்தியே போயிட்டேன்."

அம்மாவின் வேலைக் கும்பலில் முப்பத்தாறு பேர். மிஸ்ட் கண்ணை மறைத்தால், கங்காணி இராமையா கம்பை நீட்டி ஒவ்வொரு கூடையாகத் தட்டித் தட்டி எண்ணி உள்ளே விடுவார். அம்மா கடைசி ஆள். அவளுக்கு முன்னால் நின்றவளின் கூடையைத் தட்டியபோதே "முப்பத்தாறு" என்றாராம்.

"எண்ணிக்கை முடிஞ்சது. நீ யாரு?" என்றாராம் சின்னத்தொரை.

"எம்பேரும் இதுலதாங்க இருக்கு தொரை."

மறுபடி எண்ணச் சொன்னார். கங்காணி மறுபடி தட்டி எண்ணினார். அம்மா இல்லாமலே முப்பத்தாறு.

"நேரத்துக்கு வந்தேங்க தொரை."

"நேரத்துக்கு வந்திருந்தா எண்ணிக்கைக்குள்ள நின்னிருப்ப. மூணாவது தடவை, இல்லையா?"

அவ்வளவுதான்.

"ஒனக்கு முன்னால நின்னது யாரும்மா?"

"டோரீன்தான். வழியெல்லாம் நான் பேசிக்கிட்டே போறேன், அவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. வாய மூடிக்கிட்டு ஏதோ பாட்டு முனகின மாதிரி ங்ங்ங்னு வந்தா."

டோரீன் அக்கா அன்று பெரட்டில் முதல் ஆளாக நின்றாள். சாயங்காலம் எங்களைப் பார்க்க வந்தபோது அவளே சொன்னாள். அம்மாவோடு அவள் நடக்கவே இல்லை.

மாதக் கடைசிக்குள் காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள். இப்போது கினிகத்தேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் இருக்கிறோம். அம்மா அங்கே பாத்திரம் கழுவுகிறாள். ஹட்டன் கடைக்கு நான் போவதில்லை.

போன மாதம் டோரீன் அக்கா பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வந்திருந்தாள். என்னைத் தனியே இழுத்தாள்.

"அம்மாக்கிட்ட சொல்லாத. இப்பவும் தெனமும் கடைசி ஆளத் திருப்புறாங்க. எண்ணிக்கை ஒண்ணு கூடித்தான் நிக்கிது. அப்படித் திருப்பித் திருப்பியே இன்னும் நாலு பேருக்கு பேரு வெட்டிட்டாங்க."

"கங்காணி ஒண்ணும் சொல்லலியா?"

"அது இருக்கட்டும். இதக் கேளு. சாயங்காலம் கொழுந்து நிறுக்கிறப்ப ஒரு சாக்கு கூட இருக்கு. யாரும் எனதுன்னு சொல்றதில்ல. தெனமும் பதினெட்டு கிலோ. இந்தப் பனியில எந்தப் பொம்பளைக்குப் பதினெட்டு கிலோ வரும்?"

டோரீன் அக்கா என் காதருகே குனிந்தாள்.

"சாக்கு வாயில கட்டியிருக்கிற முடிச்சப் பாத்து கங்காணி சாக்கக் கீழ போட்டுட்டாராம். அந்த முடிச்சு கிருஷாந்தியைத் தவிர யாருக்கும் போட வராது. தொரைக்கிட்ட ஓடிப்போய்ச் சொல்லிட்டாரு. இது செத்தவளோட கொழுந்துங்க, ஐயரக் கூப்பிட்டுக் கழிப்புக் கழிச்சிருவோம்னு."

"தொரை என்ன சொன்னாரு?"

டோரீன் அக்கா அக்கம் பக்கம் பார்த்தாள்.

"'சம்பளம் கேக்குறாளா?'ன்னு கேட்டாரு. இல்லீங்கன்னாரு கங்காணி. 'அப்ப எடுத்து உள்ள போடு'ன்னுட்டு, போனப் பாத்துக்கிட்டே போயிட்டாரு."

பதினெட்டு கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால் நாலு கிலோ தேயிலை வரும். அதைத் தனியாக எடுத்து வைப்பதில்லை. மற்ற எல்லாவற்றோடும் கலந்து, காய வைத்து, சலித்து, பையில் அடைத்து, லொறியில் கீழே அனுப்பிவிடுகிறார்கள். எங்கே போகிறது, எந்தக் கடையில் விற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நானும் அம்மாவும் இப்போது வெந்நீர்தான் குடிக்கிறோம்.